வாடகைக்கு இருக்கும் பெரியவருக்கு நினைவு தவறினால் வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?



கடந்த ஒரு வருடத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் தனித்தனியாக நம் அலுவலகத்துக்கு வந்து, கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். "எங்க வீட்டுல குடியிருக்கிற பெரியவங்களுக்குப் புத்தி ஒரு நிலையில இல்ல. பிள்ளைங்க வெளிநாட்டுல. நான் என்ன பண்ணட்டும்?" மூவரும் வாடகையை நம்பி வாழும் சாதாரணக் குடும்பத்தினர்தான். காலி செய்யச் சொல்ல மனம் வரவில்லை. அப்படியே விடவும் பயம். பெயர், தெரு எதையும் குறிப்பிடாமல், அவர்களுக்குச் சொன்னதையும் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர் நிலைமை எல்லோருக்கும் தெரியும். மகளின் கல்யாணத்துக்கோ மகனின் விசாவுக்கோ சொந்த வீட்டை விற்றுவிட்டு, கடைசிக் காலத்தில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் பெரியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் ரியாத்தில், துபாயில், சென்னையில். மாதாமாதம் பணம் வருகிறது, வாரம் இரண்டு தடவை போன் வருகிறது. ஆனால் அந்த அம்மா காலையில் எத்தனை மணிக்குக் கதவைத் திறந்தார், நேற்று அடுப்பு மூட்டினாரா, ராத்திரி யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். உறவு இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் முதலில் பார்ப்பவர் அவர்தான்.

அவர் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் வாடகை விஷயமாகத்தான் இருக்கும். ஒரு வீட்டில், பத்து வருடமாக ஐந்தாம் தேதி தவறாமல் வாடகை கொடுத்துவந்த எழுபது வயதைத் தாண்டிய ஒரு மாமி, ஒரே வாரத்தில் மூன்று தடவை வாடகை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இரண்டாவது தடவை "கொடுத்துட்டீங்களே மாமி" என்று திருப்பிக் கொடுத்ததற்கு, "என்னை என்ன, ஏமாத்துறேன்னு நெனச்சியா?" என்று கோபம். இன்னொரு வீட்டில் இதற்கு நேர் எதிர்: நான்கு மாதம் வாடகை வரவில்லை. கேட்டால், போன வாரம்தான் கொடுத்தேன் என்று உறுதியாகச் சொல்கிறார். இரண்டுமே ஒரே காரணத்தால் வருவதுதான்.

அதற்குப் பிறகு மற்றவை ஒவ்வொன்றாகத் தெரியவரும். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது, சட்டி தீய்ந்த வாடை அடிக்கடி வருவது, குளியலறைக் குழாய் விடிய விடிய ஓடுவது. ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் ஐந்து தடவை கேட்பது. வெயிலில் ஸ்வெட்டர். சுத்தமாக இருந்தவர் ஒரே சேலையை நான்கு நாள் கட்டியிருப்பது. மக்ரிப் நேரம் நெருங்கும்போது காரணமில்லாமல் பதற்றமாகி, "எங்க வீட்டுக்குப் போகணும், எங்கத்தா தேடுவாங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது. இந்த அந்திநேரப் பதற்றம் மறதி நோயில் அடிக்கடி காணப்படும் ஒன்று. டாக்டர்கள் இதைத் தனியாகவே கேட்டுக் குறித்துக்கொள்வார்கள்.

வயதானால் எல்லோருக்கும் மறக்கத்தானே செய்யும் என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், எனக்கே மூக்குக்கண்ணாடியைத் தேடாத நாளில்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழிப்பது வேறு. ஒருவர் பெயர் சட்டென்று வராமல் பிறகு நினைவுக்கு வருவது வயது. பக்கத்துத் தெருவில் இருக்கும் பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது வேறு. அன்றாடம் செய்துவந்த வேலையே கெட்டுப்போகிறதா என்று பாருங்கள். அப்படிக் கெடுகிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

திடீரென்று வந்ததா, மெல்ல வந்ததா?

வீட்டுக்காரர் ஒருவர் கவனித்துச் சொல்லக்கூடிய மிக முக்கியமான தகவல் இதுதான். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வந்த மாற்றம் ஒரு வகை. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று ஆளையே அடையாளம் தெரியாமல் பேசுகிறார், இல்லாததைப் பார்க்கிறார், அல்லது பகலெல்லாம் சுருண்டு தூங்குகிறார் என்றால் அது முற்றிலும் வேறு. அதை மறதி நோய் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடம்பில் சோடியம் உப்பு குறைதல், சர்க்கரை இறங்குதல், புது மாத்திரை ஒத்துக்கொள்ளாமை, விழுந்ததில் தலையில் ரத்தம் கசிதல் என்று உடனே கவனிக்க வேண்டிய காரணம் ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று காய்ச்சலே இல்லாமல் வந்து, குழப்பமாக மட்டும் வெளிப்படலாம். நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இரண்டு நாளில் இப்படி ஆகி, "ஏதோ பட்டிருக்கு, ஓதிப் பார்க்கணும்" என்று வீட்டார் அலைந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்காரரின் மகன் 108-க்கு போன் செய்து ஜி.எச்.சில் சேர்த்தார். ஒரு வாரத்தில் தெளிவாகித் திரும்பினார். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தும் ஓதலாம்.

சர்க்கரைக்காரர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நினைவு தவறுபவர் மாத்திரை போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டுவிடுவார். சாப்பிட்டதாக நினைத்துச் சாப்பிடாமல் இருப்பார். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். வியர்வை, நடுக்கம், உளறல் இருந்து, விழுங்கும் நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மெல்ல வந்த மறதியிலும் குணமாகக்கூடியவை இருக்கின்றன. பி12 சத்துக் குறைவு, தைராய்டு சுரப்பு குறைவு, மன அழுத்தம் ஆகியவை முக்கியமானவை. சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தூக்க மாத்திரைகளும், சளி, அரிப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளும் வயதானவர்களின் நினைவைக் குழப்பும். காது சரியாகக் கேட்காதவர் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வதைப் பார்த்து நாமே முடிவு கட்டிவிடுவதும் உண்டு. கணவர் மவுத்தான பிறகு, இத்தா முடிந்தும் வெளியே வராமல், சாப்பிடாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கும் பெண்களை "மறதி" என்று ஒதுக்கிவிடுகிறோம். அது மனச்சோர்வாக இருக்கலாம்; அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. ஆகவே எந்த முடிவுக்கும் வருவதற்கு முன், அந்தப் பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லை என்று ஆன பிறகுதான் டிமென்ஷியா என்ற மறதி நோய். இது மூளை செல்கள் படிப்படியாகச் செயலிழப்பதால் வருவது. அல்ஸைமர் இதில் அதிகம் காணப்படும் வகை. அடுத்தடுத்து வரும் சிறு சிறு பக்கவாதங்களாலும் வரும். நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு ஏழு பேருக்கு மேல் இது இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. எண்ணிக்கையில் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. அறிகுறிகளைச் சில காலம் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் உண்டு, தூக்கத்தையும் பதற்றத்தையும் சரிசெய்ய வழி உண்டு. சீக்கிரம் தெரிந்துகொண்டால், அந்தப் பெரியவர் தெளிவாக இருக்கும்போதே தன் பணம், நகை, யாரோடு இருக்க விருப்பம் என்பதையெல்லாம் சொல்லி வைத்துவிட முடியும். இந்த ஒன்றுக்காகவே தாமதிக்கக் கூடாது என்பேன்.

திருட்டுப் பழி

மூன்று வீட்டுக்காரர்களில் இருவரை அதிகம் நோகடித்தது இதுதான். "என் வளையலை உன் பொண்டாட்டி எடுத்துட்டா" என்று தெருவில் நின்று சொல்லிவிட்டார்கள். பத்து வருடம் குழம்பு கிண்ணம் பரிமாறிக்கொண்ட வீடு. அந்தச் சகோதரி அழுதுகொண்டே, இனி மேலே போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நோயின் போக்கைத் தெரிந்துகொண்டால் இதன் வலி கொஞ்சம் குறையும். அந்த மாமி வளையலைப் பத்திரப்படுத்த நினைத்து அரிசி டப்பாவுக்குள் வைக்கிறார். வைத்தது மறந்துவிடுகிறது, வளையல் காணவில்லை என்பது மட்டும் தெரிகிறது. காணாமல் போன பொருளுக்கு மனம் ஒரு காரணம் தேடுகிறது. வீட்டுக்குள் வந்துபோகும் ஆள் யார்? இவர்தான். மறதி நோயில் நெருக்கமாக இருந்து உதவுபவர் மீதுதான் இந்தப் பழி அதிகம் விழுகிறது. "நான் எடுக்கல" என்று சத்தியம் செய்வதாலோ சாட்சி கூட்டுவதாலோ பயனில்லை. "அப்படியா மாமி, வாங்க ரெண்டு பேரும் தேடலாம்" என்று சொல்லி, அவர் கண் முன்னால் தேடுங்கள். கிடைத்ததும் அவர் கையாலேயே எடுக்க விடுங்கள். அரிசி டப்பா, தலையணை உறை, முஸல்லா மடிப்பு, பழைய துணி மூட்டை ஆகியவற்றை முதலில் பார்க்கலாம்.

இறந்துபோன கணவரை "எங்கே இன்னும் காணோம்" என்று கேட்டால், ஒவ்வொரு தடவையும் மவுத்துச் செய்தியைப் புதிதாகச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவை. அவரைப் பற்றி ஏதாவது கேளுங்கள். பேச்சு தானாக வேறு பக்கம் போய்விடும்.

தொழுகையிலும் இப்படி நடக்கும். லுஹரை மூன்று தடவை தொழுபவர், எத்தனை ரக்அத் என்று தெரியாமல் நின்று அழுபவர் உண்டு. அவரை யாரும் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். அறிவு தவறியவர் மீது கடமை இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். களாவும் ஃபித்யாவும் பற்றிக் குடும்பத்தார் இமாமிடம் கேட்டுக்கொள்ளட்டும். பழகிப்போன தொழுகையும் தஸ்பீஹும் மற்றதெல்லாம் மறந்த பிறகும் வெகுநாள் கூடவே இருக்கும், மனதுக்கு அமைதியும் தரும்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வீட்டுக்காரர் போன் செய்து சொன்னால் மகன் கேட்பது: "நேத்துகூட பேசினேனே பாய், அம்மா நல்லாத்தானே பேசினாங்க? வாடகை ஏத்தணும்னா நேரா சொல்லுங்க." கோபம் வரத்தான் செய்யும். ஆனால் மகன் பொய் சொல்லவில்லை. "சாப்பிட்டியா, பிள்ளைங்க எப்படி, நல்லா இருக்கேன், துஆ செய்யிறேன்" என்ற ஐந்து நிமிடப் பேச்சு நாற்பது வருடப் பழக்கம். நோய் முற்றும் வரை அது கெடாது. போனில் கண்டுபிடிக்க முடியாத நோய் இது.

எனவே "அம்மாவுக்குப் புத்தி சரியில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஒரு சொல்லை எந்த மகனும் மூன்றாம் மனிதரிடமிருந்து கேட்க விரும்ப மாட்டான். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால் போதும்: 3-ஆம் தேதி இரவு 2 மணிக்குக் கதவைத் தட்டினார், 7-ஆம் தேதி அடுப்பு எரிந்தபடி இருந்தது, 9-ஆம் தேதி சந்தையில் வழி தெரியாமல் நின்றவரை ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். பழி சொல்லும் தொனி இல்லாமல் இதைப் படித்துக் காட்டி, "தம்பி, நீங்களோ தங்கச்சியோ வந்து ரெண்டு ராத்திரி கூடத் தங்கிப் பாருங்க" என்று கேளுங்கள். ஒரு பகல் வந்து போனால் தெரியாது. இரண்டு இரவு தங்கினால் தெரிந்துவிடும். டாக்டருக்கும் இந்த நோட்டு பெரிய உதவி.

ஒரு பிள்ளையிடம் மட்டும் சொல்லாமல் குறைந்தது இரண்டு பேரிடம் சொல்லுங்கள். பணம் அனுப்புவது மகனாக இருக்கலாம். மாமியின் குணம் அறிந்தவர் மகளாக இருப்பார். மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறார், அவரால் என்ன செய்ய முடியும் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

சொல்லியும் பிள்ளைகள் கண்டுகொள்ளவில்லை என்றால்? முதலில் குடும்பத்துப் பெரியவர்களும் ஜமாஅத்தும் பேசிப் பார்ப்பதுதான் நம் வழக்கம். பல விஷயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. எல்லா மதத்தாருக்கும் பொதுவான சட்டம் அது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியப் பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும். பிள்ளை இல்லாதவர் என்றால், அவருடைய சொத்தை அனுபவிப்பவர் அல்லது வாரிசாகப் பெறப்போகிறவர் மீதும் பொறுப்பு உண்டு. கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். பெரியவரால் முடியாதபோது அவர் அனுமதித்த வேறொருவரோ அமைப்போ கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இதற்கு வழிகாட்டுவார்கள். முதியவரைக் கைவிட்டுவிட்டுப் போவது இதே சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இதைச் சொல்லிக் காட்டும் அளவுக்குப் போகாமல் முடிந்தால் நல்லது.

வீட்டுக்காரரின் கையில் இருப்பதும் இல்லாததும்

வீடு உங்களுடையது, அதைப் பாதுகாப்பாக்குவது உங்கள் உரிமைக்குள் இருக்கிறது. குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய கொண்டி போடுங்கள். கழிப்பறைப் பக்கம் ஒரு கைப்பிடிக் கம்பி, படியில் விளக்கு, இரவு முழுக்க எரியும் ஒரு சிறு பல்பு. மாடியில் இருப்பவரைக் கீழ் போர்ஷனுக்கு மாற்ற முடிந்தால் மாற்றலாம். ஆனால் இடம் மாறினால் இந்த நோயாளிகள் கொஞ்ச நாள் அதிகமாகக் குழம்புவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, பழைய கட்டில், அலமாரி, கடிகாரம் எல்லாவற்றையும் அதே திசையில் அதே மாதிரி வையுங்கள். மாற்றுச் சாவி ஒன்று, பிள்ளைகளுக்குத் தெரிந்து, உங்கள் வீட்டுப் பெண்களிடம் இருக்கட்டும்.

அதிகப் பயம் கேஸ் அடுப்பில்தான். சமைக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் ரெகுலேட்டரை மூடி வைக்க ஏற்பாடு செய்யலாம். தானாக அணையும் இண்டக்ஷன் அடுப்பு வாங்கித் தரச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேட்கலாம். முற்றிய நிலையில் அடுப்பையே எடுத்துவிட்டு, சாப்பாடு வெளியிலிருந்து வரச் செய்வதுதான் வழி. கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். கதவு, ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, ஆட்களை வெளியே கொண்டுவந்து, 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இரவில் வெளியே போய்விடுகிறார் என்று சிலர் வெளிப்பக்கம் பூட்டிவிடுகிறார்கள். பாசத்தில் செய்வதுதான். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் தப்ப முடியாமல் இறந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். உள்ளே தனியாக ஒரு பெரியவரை வைத்து வெளியே பூட்டுவது எந்த நிலையிலும் கூடாது. கதவில் ஒரு மணி கட்டுங்கள், திறந்தால் சத்தம் கேட்கட்டும். வாசல் கேட்டை இரவில் பூட்டுவதானால் உள்ளே விழித்து எழும் ஆள் ஒருவர் இருக்க வேண்டும்.

அவருடைய உடையில் ஒரு சீட்டு தைத்து வையுங்கள்: பெயர், தெரு, இரண்டு போன் எண்கள். சமீபத்திய போட்டோ ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும். மோதினார், மளிகைக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு மூன்று இடத்திலும் சொல்லி வைத்தால் முக்கால்வாசி தேடல் மிச்சம். காணவில்லை என்று தெரிந்தால் மறுநாள் வரை காத்திராமல் உடனே பள்ளிவாசல் மைக்கில் சொல்லுங்கள், போலீஸிலும் சொல்லுங்கள். நினைவு தவறிச் சுற்றித் திரிபவரைப் போலீஸார் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே போலீஸுக்குப் போனால் அவமானப்படுத்துவார்கள் என்ற தயக்கம் வேண்டாம்.

செய்யக் கூடாதவற்றில் பணம் முதலாவது. ஏ.டி.எம். கார்டு, பாஸ்புக், நகை எதையும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், அவரே "நீ வச்சுக்கம்மா" என்று கெஞ்சினாலும். உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாளைக்கு ஒரு மருமகன் வந்து கேட்பான், பதில் சொல்ல அந்த மாமிக்கு நினைவு இருக்காது. வாடகைக்கு ரசீது எழுதுங்கள். இரண்டாவது தடவை வந்த பணத்தைப் பிள்ளையின் கணக்கில் போட்டுவிட்டு அவருக்குத் தெரிவியுங்கள். புது வாடகை ஒப்பந்தம், வெற்றுத்தாள், பத்திரம் எதிலும் அவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்காதீர்கள். புரிந்து முடிவெடுக்க முடியாதவர் போடும் ஒப்பந்தம் நாட்டுச் சட்டத்திலும் செல்லாது, ஷரீஅத்திலும் செல்லாது.

மனநல மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ நீங்களாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உங்கள் வேலை இல்லை. ஆபத்து நேரத்தில் 108-ல் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம், கூடவே இருக்கலாம். அதற்கு மேல் குடும்பத்தார்தான் முடிவு செய்ய வேண்டும்.

காலி செய்யச் சொல்லலாமா?

கேட்க வெட்கப்பட்டுக்கொண்டே எல்லோரும் கேட்ட கேள்வி. வீட்டுக்காரரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்வது சுலபம். அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், மேலே கேஸ் திறந்திருந்தால் எல்லோருக்கும் ஆபத்து. இரண்டு மாதமாகத் தூக்கமில்லை. இனி முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் என் அபிப்பிராயம்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் தானாகப் போகாவிட்டால் வாடகை நீதிமன்றம் வழியாகத்தான் காலி செய்ய வைக்க முடியும். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி நெருக்குவது சட்ட விரோதம். நோட்டீஸை அந்த மாமி கையில் கொடுப்பதில் அர்த்தமும் இல்லை. படித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவார், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம் மட்டும் தங்கிவிடும். பிள்ளைகளிடம் பேசுங்கள். போகும் இடம் முடிவாகும் வரை மூன்று மாதமோ நான்கு மாதமோ அவகாசம் கொடுங்கள். அட்வான்ஸைக் குடும்பத்தார் முன்னிலையில், எழுத்தில், திருப்பிக் கொடுங்கள்.

ஒரு வீட்டில் வேறு மாதிரி முடிந்தது. மகள் வந்து இரண்டு இரவு தங்கினார். மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்காரரின் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, தன் தம்பிக்கு போன் செய்தார். இப்போது பகலுக்கு ஒரு பெண் சம்பளத்துக்கு வருகிறார். இரவில் தூரத்துச் சொந்தக்காரப் பெண் ஒருவர் கூடத் தங்குகிறார். செலவு மகன் தருகிறான். மாமி அதே போர்ஷனில்தான் இருக்கிறார். வளையல் இன்னமும் மாதம் ஒரு தடவை திருடு போகிறது, அரிசி டப்பாவில் கிடைக்கிறது.

உதவி கிடைக்கும் இடங்கள்: மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். டெலி மானஸ், 14416, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். நோயாளி பேச வேண்டியதில்லை, கவலைப்படும் வீட்டுக்காரரே பேசலாம். முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவரும் சகோதரியிடம் மாமியின் நிலையைச் சொல்லி வைத்தால், மாத்திரை சரியாகச் சாப்பிட்டிருக்கிறாரா என்று எண்ணிப் பார்த்துச் செல்லும்படி கேட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஆள் இல்லாதவர்களுக்கு நம் அறக்கட்டளையின் பெண் தொண்டர்கள் வருவார்கள். முந்தின நாள் அசருக்கும் மக்ரிபுக்கும் இடையில் அலுவலகத்தில் சொல்லி வைக்க வேண்டும். வரும்போது மாத்திரைப் பையையும், தேதி போட்டு எழுதிய நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.